ஏர் மிட்வெஸ்ட் 5481 விமான விபத்து

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் சார்லட் விமான நிலையத்தில் 2003 ஜனவரி 8 அன்று நிகழ்ந்த விபத்து. கிரீன்வில்-ஸ்பார்டன்பர்க் செல்லவிருந்த பீச்கிராஃப்ட் 1900டி ரகச் சிறு விமானம், ஓடுபாதையை விட்டு எழுந்ததும் மூக்கு அளவுக்கு மீறி உயர, வேகம் குன்றி விமான நிலையப் பராமரிப்புக் கொட்டகை மீது மோதியது. 19 பயணிகளும் 2 விமானிகளும் இறந்தனர்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2004இல் அறிக்கை வெளியிட்டது. முதன்மைக் காரணம், மேற்கு வர்ஜீனியாவின் ஹண்டிங்டனில் நடந்த பராமரிப்புப் பணி. அங்கு மூக்கை ஏற்றி இறக்க உதவும், வாலிலுள்ள எலிவேட்டரின் கம்பி இழுவிசையைச் சீர்செய்தபோது சில படிகள் விடுபட்டன. கம்பியின் இழுவிசையைக் கூட்டிக் குறைக்கும் டர்ன்பக்கிள்கள் தவறாகத் திருகப்பட்டிருந்தன. இதனால் மூக்கைக் கீழிறக்கும் அசைவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதன்பின் குறைந்த சுமையுடன் பறந்தபோதெல்லாம் இக்குறை வெளிப்படவில்லை.

விபத்து நாளிலோ இருக்கைகள் அனைத்தும் நிரம்பியிருந்தன. சராசரி எடையைக் கொண்டு போட்ட கணக்கின்படி சுமை வரம்புக்குள் இருந்தது. உண்மையில் எடை மிகுந்து, ஈர்ப்பு மையம் அனுமதித்த எல்லையைத் தாண்டிப் பின்தள்ளியிருந்தது. விபத்துக்குப் பிந்தைய ஆய்வில், பயணிகள் கணக்கில் கொண்டதைவிடச் சராசரியாக 9 கிலோ கூடுதல் எடை கொண்டிருந்தது தெரியவந்தது. அதையடுத்து அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் சராசரிப் பயணி எடையை உயர்த்தியது.