பொங்கற் கிண்ணம்

உழவர் இல்லங்களில் பொங்கலன்று அடுப்பேறுவது புத்தரிசி. கோலமிட்ட வாசலில், மஞ்சட் கொத்தும் இஞ்சிக் கொத்தும் கட்டிய புதுப்பானையில் பால் பொங்கிவர, 'பொங்கலோ பொங்கல்' என்று குரலெழுப்பிக் கதிரவனுக்குப் படைத்த பின்னரே வீட்டார் உண்பர். உடனே அண்டை வீட்டுக்கு ஒரு கிண்ணத்தில் பொங்கல் செல்லும். அவ்வீட்டுப் பொங்கல் அதே கிண்ணத்தில் திரும்பி வரும். வெறுங்கிண்ணத்தைத் திருப்புதல் நம்மவர் வழக்கமன்று.

இவ்வழக்கின் வேர் மிகப் பழையது. அளவு குறித்து வாங்கி, அதே அளவு திருப்பித் தருவதற்குக் 'குறியெதிர்ப்பை' என்று பெயரிட்டனர் முன்னோர். குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார், பசிக்காலத்தில் அவ்வாறு கடன் தந்து காத்தவர்களை மறக்கவில்லை. உற்றார்க்கும் அவர்கட்கும் கொடு. என்னையும் கேளாது எல்லோர்க்கும் கொடு என்று மனைவியிடம் கூறுகிறார். அப்பாட்டைத் தாங்கிய புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் 1894இல் அச்சேற்றினார். வள்ளுவரோ இன்னும் கடுமையானவர். வறியவர்க்குத் தருவதொன்றே ஈகை, ஏனையவை குறியெதிர்ப்பை போன்றவையே என்று வரையறுத்துவிட்டார்.

அவ்வரையறையால் அளந்தால் நம் பொங்கற் கிண்ணம் எத்தகையது? கிண்ணம் நிறைந்து திரும்பவேண்டுமாயின் அவ்வீட்டுச் சோற்றை நாம் உண்ணவேண்டும். உண்ண மனமில்லாத வீட்டுக்குக் கிண்ணம் சென்றதில்லை. அந்நெல்லை நட்டு அறுத்த பண்ணையாட்களுக்குப் பல ஊர்களில் கொல்லைப்புறத்திலேதான் சோறு கிடைத்தது. கொடை இருந்தது, உடனுண்ணல் இல்லை.

இக்குறையை உணர்ந்த பெரியார் பலர். வள்ளலார் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, சாதி சமயம் பாராது பசித்தவர்க்கெல்லாம் உணவிட்டார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ஆயினும் அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் பந்தி பிரிந்தே கிடந்தது. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனியே உணவிட்ட செய்தி, 1920களின் நடுவில் தமிழ்நாட்டுக் காங்கிரசையே உலுக்கியது. நாட்டு விடுதலைக்குத் தம்மையே தந்தவர் நடத்திய இடத்திலும் ஒரே பந்தி எளிதாக அமையவில்லை என்பதே அவ்வரலாறு தரும் பாடம்.

பொங்கல்தோறும் நம் வட்டத்துக் கவிஞர்கள் வாழ்த்துப்பா எழுதுகிறோம். எழுதுமுன், நம் வீட்டுக் கிண்ணம் இதுவரை எந்த வாசலை எட்டவில்லை என்று எண்ணிப் பார்த்தல் நன்று. அவ்வீட்டுக்குப் பொங்கல் அனுப்புதல் எளிது. அங்கிருந்து வரும் கிண்ணத்தை வாங்கி, பிள்ளைகளோடு அமர்ந்து உண்ணும் நாளிலேதான் பெருஞ்சித்திரனார் தம் மனைவிக்குச் சொன்ன சொல் நம் வீட்டிலும் நிறைவேறும்.