தொடர்கதையும் சுவைஞர் தீர்ப்பும்

முழுமையாக முடிந்த கதையை ஒரே இருக்கையிற் கேட்பவன் அதன் பயனைத் துய்க்கின்றான். பகுதி பகுதியாகக் கேட்பவனோ அக்கதையை ஆக்குவோனுக்குத் துணைவனாகவும், சிலவேளை மாற்றானாகவும் ஆகிவிடுகின்றான். ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடைப்பட்ட காலம் அவனுக்கு வெறுங்காலம் அன்று. இனி நிகழப்போவது யாது, மறைந்து நிற்பவன் யாவன், இறந்தவன் மெய்யாகவே இறந்தானா என்னும் வினாக்கள் அக்காலத்தை நிரப்புகின்றன. வினா எழுந்தவிடத்து விடைகள் தோன்றும். விடைகள் பலவாயவிடத்து வாதம் மூளும். இவ்வாறு எழும் வாதத்தை இளைஞரின் வீண்பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் பலர். ஆயின் அதன் வரலாற்றை நோக்குமிடத்து, கதை யாருக்கு உரியது என்னும் பெருவினா ஒன்று அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும்.

அச்சுப் பொறியும் மலிவுப் பத்திரிகையும் பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இவ்வழக்கம் வலுப்பெற்றது. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836ஆம் ஆண்டு முதல் தமது நாவல்களைப் பகுதிகளாக வெளியிட்டார். 1840, 1841ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய 'பழம்பொருட் கடை' என்னும் தொடரில் வரும் நெல் என்ற சிறுமியைச் சாகவிடவேண்டாமென வேண்டி வாசகர் அவருக்குக் கடிதங்கள் எழுதினர். ஆசிரியர் இசையவில்லை, சிறுமி இறந்தாள். 1870ஆம் ஆண்டு யூன் மாதம் 9ஆம் நாள் டிக்கன்ஸ் தாமே இறந்தபொழுது, 'எட்வின் துரூட்டின் மருமம்' என்னும் அவரது இறுதித் தொடரில், திட்டமிட்ட பன்னிரண்டு பகுதிகளுள் ஆறு மாத்திரமே எழுதப்பட்டிருந்தன. துரூட் கொலையுண்டானா, கொன்றவன் அவன் மாமனாகிய யாஸ்பர் தானா என்னும் வினாக்களுக்கு விடையளிக்க ஆசிரியர் இல்லாது போயினர். அன்று தொடங்கிய ஆராய்ச்சி ஓயவில்லை. 1914ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இலண்டன் நகரில் யாஸ்பர்மீது ஒரு விளையாட்டு விசாரணையே நடைபெற்றது. ஜீ. கே. செஸ்ரேட்டன் நீதிபதியாகவும், பேர்னாட் ஷா யூரிகளின் தலைவராகவும் அமர்ந்தனர். கற்பனை மாந்தன் ஒருவனை அறிஞர் கூடி விசாரித்தமை நகைப்புக்கு உரியதாயினும், வாசகர் கதைமாந்தரை எத்துணை மெய்ம்மையுடையோராகக் கொண்டனர் என்பதற்கு அது நற்சான்றாகும்.

ஆசிரியரைப் பணியவைத்த வாசகரும் உளர். தம் பெயரை நிலைநிறுத்தும் நூல்கள் வரலாற்று நாவல்களே எனக் கருதிய ஆதர் கொனன் டொயில், 1893ஆம் ஆண்டு சேர்லொக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவோனை அருவி வீழ்ச்சியொன்றில் மாய்த்தார். வாசகர் மனம் ஒப்பவில்லை. 1901ஆம் ஆண்டு அவர் மீண்டும் ஹோம்ஸை எழுதினார். எனினும் அது அவனது இறப்புக்கு முந்திய வழக்கெனக் கூறித் தப்பிக்கொண்டார். 1903ஆம் ஆண்டில் அப்போக்கும் பயன்படாமற் போக, ஹோம்ஸ் இறக்கவேயில்லை என எழுதவேண்டியதாயிற்று.

தமிழ் வாசகருக்கு இவ்வனுபவம் புதியதன்று. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' முடிவுற்றபொழுது, கதைமாந்தர் பலரின் பிற்கால வாழ்க்கை கூறப்படவில்லையென வாசகர் குறைப்பட்டனர். அவர்களுக்கு விடைகூறும் பொருட்டே ஆசிரியர் முடிவுரை ஒன்றையும் சேர்த்தார். ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை யாருடையது என்னும் வினாவோ இன்றும் வாதத்துக்கு உரியதாகவே இருக்கின்றது.

இந்நீண்ட வரலாற்றின் அண்மைக்கால அதிகாரம் ஒன்று அசைவூட்டச் சித்திரத் தொடர் ஒன்றைப் பற்றியது. அமெரிக்க நாட்டு நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 2005ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 21ஆம் நாள் தொடங்கி, 2008ஆம் ஆண்டு யூலை மாதம் 19ஆம் நாள் முடிவுற்ற 'அவதார்: இறுதி வளியியக்குநன்' என்பதே அத்தொடர். மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கொனியெற்ஸ்கோ என்னும் இருவர் அதனை ஆக்கினர். நீர், நிலம், தீ என்னும் மூன்று காண்டங்களாக வகுக்கப்பட்ட அது 61 பகுதிகளைக் கொண்டது. சிறுவருக்கென ஆக்கப்பட்டதாயினும் முதியோரும் அதனை விரும்பிக் கண்டனர்.

அக்கதையுலகில் நான்கு நாட்டினர் வாழ்கின்றனர். அவர்களுட் சிலர் நீர், நிலம், தீ, வளி என்பவற்றுள் தத்தமக்குரிய பூதத்தை இயக்கும் ஆற்றல் வாய்ந்தோர். நான்கினையும் இயக்கவல்ல ஒருவனே அவதார். அவன் இறந்தபின் அடுத்த நாட்டில் மீண்டும் பிறக்கின்றான். தீ நாட்டினர் தொடுத்த போர் நூறாண்டாக நீடிக்க, பனிக்கட்டியுள் அகப்பட்டுக் கிடந்த ஆங் என்னும் பன்னிரண்டு வயதுத் துறவிச் சிறுவன் வெளிப்பட்டு அப்போரை முடிக்கப் புறப்படுவதே கதை. அவதாரம் என்னும் வடசொல் நம்மவர்க்கு இறைவன் இறங்கி வருதலைக் குறிக்கும். கதையிலோ அது ஓருயிரின் தொடர்பிறப்பைக் குறிக்கின்றது. குழந்தையின் முன் விளையாட்டுப் பொருள்களைப் பரப்பி, முற்பிறப்பிற்குரியவற்றை அது தெரிந்தெடுத்தலால் அடையாளங்காணும் முறையும் கூறப்படுதலின், இது திபேத்திய பௌத்த மரபைத் தழுவியது எனல் பொருந்தும். இரண்டாங் காண்டத்தில் குரு பதிக் என்பவர் ஆங்குக்கு ஏழு சக்கரங்களைப் பற்றி உபதேசிக்கும் பகுதியோ யோக மரபிலிருந்து எடுக்கப்பட்டது. பூதங்களை இயக்கும் அசைவுகள் சீனப் போர்க்கலைகளின் வழி அமைக்கப்பட்டன. இவ்வாறு ஆசிய நாடுகள் பலவற்றின் மரபுகளிலே அத்தொடர் வேரூன்றியிருந்தமை பின்னர் எழுந்த பெரும் பூசலை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாதது.

இத்தொடரின் சுவைஞர் எழுப்பிய வாதங்களை நோக்கின், அவை பெரும்பாலும் நீண்ட இடைவெளிகளில் முளைத்தமை தெளிவாகும். இரண்டாங் காண்டம் 2006ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 1ஆம் நாள் முடிந்தது. ஆங் மின்னலால் தாக்குண்டு வீழ்ந்தான். பா சிங் சே என்னும் மாநகர் பகைவர் வசமாயிற்று. தந்தையால் முகத்தில் தீவடுப் பெற்று நாடு கடத்தப்பட்ட இளவரசன் சூக்கோ, நல்வழிக்குத் திரும்புவான் என எதிர்பார்க்கப்பட்ட வேளையில், தன் தங்கையின் பக்கம் சேர்ந்தான். மூன்றாங் காண்டம் தொடங்கியது 2007ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 21ஆம் நாளிலாகும். இடைப்பட்ட ஒன்பது திங்களுக்கு மேற்பட்ட காலத்தில் சூக்கோவின் செயல் குணக்கேடா, காலத்தின் கட்டாயமா என இணையத்தின் வழியே கூடிய சுவைஞர் வாதிட்டனர். இத்துணைக் காலம் வளர்த்த பாத்திரத்தை ஆசிரியர் கெடுத்துவிட்டனர் என்றார் ஒரு சாரார். தந்தையின் அன்புக்கு ஏங்கி வளர்ந்தவன் ஒரே நாளில் மாறுதல் இயல்பன்று. வேண்டியதைப் பெற்ற பின்னரே அதன் வெறுமையை உணர்வான் என்றார் மறுசாரார். மறுசாராரின் கருத்தே கதையால் நிறுவப்பட்டது. அரண்மனையும் தந்தையின் பாராட்டும் கிடைத்த பின்னரே சூக்கோ அவற்றைத் துறந்து வெளியேறினான்.

சான்று ஒன்றே இரு கட்சியார்க்கும் பயன்பட்டமைக்கும் எடுத்துக்காட்டு உண்டு. முதற் காண்டத்திற் குறிசொல்லும் மூதாட்டி ஒருத்தி, கட்டாரா என்னும் பெண் ஆற்றல்மிக்க ஒரு பூதவியக்குநனை மணப்பாள் எனக் கூறுகின்றாள். அவன் ஆங் என்றனர் ஒரு கட்சியார். சூக்கோ என்றனர் மற்றைக் கட்சியார். சொல் இருவர்க்கும் பொருந்தியது. இரண்டாங் காண்ட இறுதியிற் கட்டாரா சூக்கோவின் வடுவைத் தொட்டு இரங்கிய காட்சி பின்னைய கட்சியாரின் தலையாய சான்றாயிற்று. இப்பூசல்களை ஆக்கியோரும் அறிந்திருந்தனர். இறுதிக்கு முதல் நாள், 2008ஆம் ஆண்டு யூலை மாதம் 18ஆம் நாள் வெளியான பகுதியில், கதைமாந்தர் தம் வரலாற்றையே நாடகமாக நடிக்கக் காண்கின்றனர். அந்நாடகத்தில் கட்டாராவும் சூக்கோவும் காதலராக வருகின்றனர். சுவைஞர் நெடுங்காலம் ஐயுற்ற ஒருவனது சாவைக் கண்டு, அவன் செத்தானா இல்லையா என்பது தெளிவாகவில்லை என மேடைக்கு முன்னிருந்தோர் பேசிக்கொள்கின்றனர். சுவைஞரின் குறைகளை ஆசிரியர் கேட்டனர் என்பதற்கும், கேட்டும் தம் போக்கினின்று வழுவவில்லை என்பதற்கும் இப்பகுதி சான்று பகர்கின்றது.

இவை யாவற்றினும் ஆழமானது அறம் பற்றிய வாதமாகும். எவ்வுயிரையும் கொல்லாமையை நோன்பாகக் கொண்டு வளர்ந்த ஆங், உலகை எரிக்கத் துணிந்த தீ நாட்டரசன் ஒசாயைக் கொல்லுதல் முறையா? முற்பிறப்புகளாகிய அவதார்களை அவன் உசாவுகின்றான். அவனைப் போன்றே வளித் துறவியாய் விளங்கிய யாங்சென் என்பவளும், உலகத்தின்பாலுள்ள கடமை தன் ஆன்ம நலத்தினும் பெரிதெனவே உணர்த்துகின்றாள். குருக்ஷேத்திரத்தில் அருச்சுனன் எய்திய கலக்கத்தை அறிந்தோர்க்கு இவ்விடம் அயலானதாகத் தோன்றாது. ஆயின் கீதை காட்டிய வழி வேறு. இக்கதை கொண்ட வழி வேறு. தீவென மிதக்கும் சிங்க ஆமை ஒன்று ஆங்குக்குப் புதிய ஆற்றலொன்றை அளிக்க, அவன் ஒசாயைக் கொல்லாது, தீயை இயக்கும் அவனது வன்மையை மாத்திரம் நீக்குகின்றான்.

இம்முடிபு சுவைஞரைப் பிளவுபடுத்தியது. கடினமான வினாவை எழுப்பிவிட்டு, எங்கிருந்தோ வந்த ஆமையினால் அதனை அவிழ்த்தல் கதைநெறிக்கு இழுக்கு என்பது ஒரு குற்றச்சாட்டு. அதனை மறுத்தோர் பழைய பகுதிகளைத் துருவினர். 2006ஆம் ஆண்டு வெளியான நூலகப் பகுதியிலே ஆங் ஏடொன்றிற் சிங்க ஆமையின் உருவைக் காணும் இடத்தை எடுத்துக்காட்டினர். ஆமை முன்பே குறிப்பிடப்பட்டதென்பது இதனால் உறுதிப்பட்டது. ஆனால் ஆமை அளிக்கும் ஆற்றல் முன்பே உணர்த்தப்பட்டதா என்பது அச்சான்றினால் முடிவுபெறவில்லை. சான்று எதனை நிறுவும், எதனை நிறுவாது எனப் பகுத்தறிதல் வரலாற்று மாணவனுக்கு முதற்பாடமாகும். அப்பாடத்தை ஆசிரியர் எவரும் புகட்டாமலே இளைஞர் பலர் இங்குப் பயின்றனர்.

சுவைஞரின் வாதம் விளையாட்டு என்னும் எல்லையைக் கடந்த நிகழ்ச்சி அடுத்து நேர்ந்தது. அத்தொடரைத் திரைப்படமாக்கும் பொறுப்பு எம். நைற் சியாமளனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் மாஹேயிற் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். ஆங், கட்டாரா, அவள் தமையன் சொக்கா ஆகியோராக நடிக்க வெள்ளை இனத்தவர் தெரியப்பட்டமை 2008ஆம் ஆண்டு இறுதியில் வெளியாயிற்று. பின்னர் சூக்கோவாக இந்திய வமிசத்தவரான தேவ் பட்டேல் அமர்த்தப்பட்டார். ஆசிய மரபிற் பிறந்த நாயகர் வெள்ளையராகவும், பகைநாட்டினர் கருநிறத்தோராகவும் தோன்றுதல் தகாது எனச் சுவைஞர் கிளர்ந்தெழுந்தனர், கடிதங்கள் எழுதினர், படத்தைப் புறக்கணிக்குமாறு வேண்டினர். இயக்குநரும் வாளாவிருந்திலர். யப்பானியப் பாணியில் வரைந்த முகங்கள் எவ்வினத்தார்க்கும் பொருந்துவன என்பது அவர் கூறிய விடை. அவ்விடை முற்றும் பொருளற்றது அன்று. எனினும் உடை, எழுத்து, உணவு, போர்க்கலை என்பன எல்லாம் ஆசியருடையனவாயிருக்க, முகத்தை மாத்திரம் பிரித்தெடுத்தல் எங்ஙனம் பொருந்தும் என்பதே எதிர்வினா.

2010ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெளியான அப்படம் உலகெங்கும் 31 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. ஆகவே புறக்கணிப்பு வணிகத்தை வென்றதெனக் கூறுதல் பிழையாகும். ஆயினும் திறனாய்வாளர் அதனை இகழ்ந்தனர். மிக மோசமான படத்துக்குரியது உட்பட இகழ்ச்சிப் பரிசுகள் ஐந்தினை அது பெற்றது. அத்தெரிவை வெளிப்படையாகக் கண்டித்தோருள் ஜீன் லூவென் யாங் என்னும் சித்திரக்கதை ஆசிரியரும் ஒருவர். தொடரின் கதையைச் சித்திரநூலாக மேலும் வளர்க்கும் பணி பின்னர் அவரிடமே வந்துசேர்ந்தது. சூக்கோவின் தாய் எங்குற்றாள் என்னும், தொடர் விடைகூறாது விட்ட வினாவுக்கு, 2013ஆம் ஆண்டில் வெளியான நூல் வழியாக அவரே விடை எழுதினார். 2024ஆம் ஆண்டு நெற்பிளிக்ஸ் நிறுவனம் மனிதரை நடிக்கவைத்து வெளியிட்ட தொடரில் முதன்மைப் பாத்திரங்கள் பலவற்றை ஆசிய மரபினரும் அமெரிக்கக் கண்டத்து முதுகுடியினரும் ஏற்றனர். ஆயின் மூலத்தை ஆக்கிய இருவரும் கருத்து வேறுபாட்டால் 2020ஆம் ஆண்டிலேயே அம்முயற்சியினின்று விலகியிருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. சுவைஞர் வேண்டிய முகங்கள் வந்தன; ஆக்கியோன் கை அகன்றது.

இவ்வரலாற்றினின்று பெறத்தக்க முடிபு யாது? கதையின் போக்கைத் தம் விருப்பத்துக்கு வளைக்கும் உரிமை சுவைஞர்க்கு உண்டெனக் கொள்வதற்கில்லை. நெல் இறந்தமையும் கட்டாரா ஆங்கை விரும்பியமையும் ஆக்கியோரின் தீர்ப்புகள். தாம் விரும்பிய மணம் நிகழவில்லை என்பதற்காக எழுத்தாளரைப் பழித்தோர் சுவைஞர் நிலையினின்று வழுவினர். ஆனால், கதையின் உள்ளே உள்ள உண்மையைப் பிறர் சிதைக்கும்பொழுது, அக்கதையை நன்கு கற்றவன் எழுந்து தடுத்தல் வேறு செயலாகும். முன்னையது ஆசை, பின்னையது காவல். திரைப்படம் பற்றிய பூசலிற் சுவைஞரின் குரல் வலுப்பெற்றமைக்கு அவரது எண்ணிக்கை காரணமன்று. ஏட்டின் எழுத்து முதல் போர்க்கலையின் அடிவைப்பு வரை அவர் காட்டிய சான்றுகளே காரணம்.

பள்ளி மாணவர் கார்ட்டூன் பற்றி மணிக்கணக்காக வாதிடுவதைக் கண்டு பெரியோர் சினப்பது இயல்பு. அச்சினத்துக்கு முன், அவ்வாதத்தில் மாணவன் கூறும் ஆதாரம் யாது என ஒருமுறை வினவுதல் நன்று. ஆதாரத்தோடு பேசுகின்றானாயின், அவன் உரைகாரரும் வரலாற்றாசிரியரும் செய்த தொழிலையே சிறிய களத்திற் செய்கின்றான். ஆதாரமின்றிப் பேசுகின்றானாயின், அதனைக் கேட்டுப் பழகுதற்கும் அவ்விடமே தகுந்த இடமாகும்.