தொழில்நுட்ப முக்குளிப்பு: எத்தனை கருவி வேண்டும், எவ்வளவு காற்று வேண்டும்?

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வார இறுதியில் தியோமானுக்கும் பெர்ஹெந்தியானுக்கும் காரோட்டிப் போகும் முக்குளிப்பாளர்களில் சிலருக்கு ஒரு கட்டத்தில் பவளப்பாறை போதாமல் போகிறது. அவர்களின் கண் குவாந்தானுக்கு அப்பால் கடலடியில் கிடக்கும் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மீது விழுகிறது. 1941 டிசம்பர் 10 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஏறக்குறைய 68 மீட்டரிலும், ரிபல்ஸ் 55 மீட்டர் அளவிலும் இருக்கின்றன. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையோ 40 மீட்டர்.

அந்த எல்லையைத் தாண்டினால் அடிப்படையே மாறிவிடும். உடலில் கரைந்த வாயு வெளியேற, மேலேறும் வழியில் பல இடங்களில் நின்று நின்றுதான் வர வேண்டும். ஏதாவது பழுதானால் நேராக நீர்ப்பரப்புக்கு ஓடிவர முடியாது. சிக்கலைக் கீழேயே தீர்த்தாக வேண்டும். எனவே இங்கே “குறைந்தபட்சக் கருவி” என்பது பணத்தை மிச்சம் பிடிப்பதல்ல. உயிர் காக்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று இருக்க வேண்டும். மற்றவை கரையிலேயே இருக்க வேண்டும். கடைக்குப் போகும் முன் காகிதத்தில் காற்றுக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

45 மீட்டர் ஆழத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே அழுத்தம் 5.5 பார். துணைவரின் காற்று தீர்ந்துபோனால், இருவரும் ஒரே கலனிலிருந்து சுவாசித்து, அடுத்த வாயுக் கலனுக்கு மாறும் 21 மீட்டர் வரை வந்து சேர வேண்டும். பதற்றத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பார் என்றால் இருவருக்கும் 60 லிட்டர். நிலைமையைச் சமாளிக்கக் கீழே ஒரு நிமிடம்: 330 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலேற மூன்று நிமிடம்: 774 லிட்டர். 21 மீட்டரில் கலன் மாற ஒரு நிமிடம்: 186 லிட்டர். மொத்தம் 1,290 லிட்டர். இதைத் தொடவே கூடாது.

வாடகைக்குக் கிடைக்கும் வழக்கமான 11 லிட்டர் கலனில் 200 பார் நிரப்பினால் 2,200 லிட்டர் இருக்கும். இருப்பைக் கழித்தால் மிஞ்சுவது 910. நிதானமாக நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கும் 45 மீட்டரில் அது எட்டு நிமிடம்தான், அதுவும் இறங்கும்போது செலவாவதைச் சேர்க்காமல். இரண்டு 12 லிட்டர் கலன்களை இணைத்தால் 4,800 லிட்டர். அரை மணி நேரம் கிடைக்கும். இரட்டைக் கலன் ஆடம்பரமல்ல என்பதற்கு இந்தக் கணக்கே போதும். கப்பலுக்குள் நுழைவதாக இருந்தால் கணக்கு இன்னும் கடுமையாகும்: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு தொடாமல் இருக்க.

இரட்டைக் கலன்களின் நடுவே, ஒரு பக்கம் கசிந்தால் மற்றதைப் பிரித்துக் காக்கும் அடைப்பான் வேண்டும். இரண்டு ரெகுலேட்டர்கள்: ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் குழாய், மற்றது கழுத்தில் தொங்கும். துணைவருக்கு வாயில் இருப்பதையே கொடுப்பது முறை. அது வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை அல்லவா? இரண்டு கணினி, இரண்டு வெட்டுக்கருவி, இரண்டு விளக்கு, ஒரு மாற்று முகமூடி. அவ்வளவுதான்.

நம் கடலுக்கே உரிய ஒரு கவனமும் உண்டு. வெதுவெதுப்பான நீரில் மெல்லிய உடைதான் அணிகிறோம். அதற்கு மிதப்பு குறைவு. ஐரோப்பியக் காணொளிகளைப் பார்த்துக் கனமான எஃகுக் கலன்களை வாங்கியவரின் மிதவைப்பை கிழிந்தால், நீந்தி மேலே வர முடியாது. இங்கே அலுமினியமோ இலேசான எஃகோ பொருந்தும்.

மிதவைக் குறியை மறப்பவர்களும் இருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் மெர்சிங் கடலில் பயிற்சிக்குச் சென்ற நால்வர் படகைப் பிரிந்து அடித்துச் செல்லப்பட்டனர். மூவர் மீட்கப்பட்டனர்; ஒரு பதின்ம வயதுச் சிறுவன் பிழைக்கவில்லை. ஆரஞ்சு நிறக் குறியும் நூலுருளையும் இரண்டிரண்டாக இருப்பதில் தவறில்லை.

வாயுவைப் பொறுத்தவரை, 50 விழுக்காடு ஆக்சிஜன் கலவையை 21 மீட்டருக்குக் கீழும், தூய ஆக்சிஜனை 6 மீட்டருக்குக் கீழும் சுவாசிக்கக் கூடாது. 45 மீட்டரில் தவறுதலாக அந்தக் கலவையை வாயில் வைத்தால் நீருக்குள்ளேயே வலிப்பு வரலாம். ஒவ்வொரு கலனையும் சுவாசிப்பவரே அளந்து, ஆழ எல்லையைப் பெரிய எண்ணில் ஒட்ட வேண்டும். கடைக்காரர் அளந்தார் என்பது பதிலாகாது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஆழத்துக்குச் சாதாரணக் காற்று ஆகாது. நைட்ரஜன் மயக்கத்தைத் தவிர்க்க ஹீலியம் கலந்த டிரைமிக்ஸ் வேண்டும். ஹீலியம் விலை அதிகம், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

கிழக்குக் கரையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழைக் காலம். அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் அறை உள்ள லுமுட் இராணுவ மருத்துவமனை பேராக்கில், மேற்குக் கரையில் இருக்கிறது. குவாந்தானிலிருந்து அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்பதும் திட்டத்தில் இருக்கட்டும்.

அந்த இரு கப்பல்களோடு மடிந்தவர்கள் 840 பேர். அவை போர்க் கல்லறைகள். எதையும் எடுத்து வரக் கூடாது. கேமரா கொண்டு போகலாம். முதல் சில முக்குளிப்புகளில் அதுவும் படகிலேயே இருக்கட்டும்.