நீலத் துணி சென்ற நாடு

களம்பூர்த் தெருக்களில் தறியோசை கேட்கும்போதெல்லாம் என் எண்ணம் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுக்குச் சென்றுவிடுகிறது. காரணம் பட்டன்று; புதுச்சேரிச் சீமையில் நெய்து அவுரிச் சாயத்தில் தோய்த்த பருத்தித் துணி. பிரெஞ்சுக்காரர் அதனைக் 'கினே' என்றனர். கினியாக் கரைக்குச் செல்லும் துணி என்பது பொருள். நம் நெசவாளர் கண்ணால் காணாத செனகலில் அது பணமாகவே புழங்கியது.

அந்நாட்டை வரலாறற்ற நிலமென்று எண்ணிவிடலாகாது. செனகல் ஆற்றங்கரைத் தக்ரூர் அரசு 11ஆம் நூற்றாண்டிலேயே இசுலாத்தைத் தழுவியிருந்தது. கிழக்கே கானாப் பேரரசு பொன் வாணிகத்தால் செழித்தது. (இன்றைய கானா நாடு வேறு.) அடுத்தெழுந்த மாலிப் பேரரசின் மன்னர் மன்சா மூசா 1324இல் மக்காவுக்குச் செல்லும் வழியில் கெய்ரோவில் வாரி வழங்கியதால் அங்கே பொன்னின் விலையே சரிந்தது. மாலி தளர, ஜொலோஃப் அரசு தலைநிமிர்ந்தது.

1440களில் போர்த்துக்கீசியர் வந்தனர். பிரெஞ்சுக்காரர் 1659இல் ஆற்று முகத்தில் சேன் லூயி நகரை அமைத்தனர். 1677இல் டச்சுக்காரரிடமிருந்து கோரே தீவைக் கைப்பற்றினர். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை விலைக்கு வாங்க ஐரோப்பியர் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணிகளுக்கு முதன்மையான இடமுண்டு. அப்படியாயின், தறிமுன் குனிந்திருந்த நம் முன்னோரும் குற்றவாளிகளா? அல்லர் என்றே கருதுகிறேன். அவர்களே வணிகர் தந்த முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்தவர்கள். ஆயினும் அவ்வுழைப்பு கடலுக்கப்பால் எவருடைய விலங்காயிற்று என்பதை நாம் அறிந்திருத்தல் நேர்மை.

அடிமை வணிகம் ஒடுங்கிய 19ஆம் நூற்றாண்டில் நீலத் துணிக்கு மாற்றாக வேல மரப் பிசின் வந்தது. ஐரோப்பாவில் துணிக்கு அச்சிட அது தேவைப்பட்டது. பிசின் கொணர்ந்த பாலைவன மூர் மக்கள் பிரான்சின் ரூவான் நகரில் செய்த போலித் துணியை ஏற்கவில்லை. தொட்டும் முகர்ந்துமே புதுச்சேரிச் சரக்கை இனங்கண்டனர். நம் கைத்திறனுக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ!

1854இல் ஆளுநரான ஃபெதெர்ப் படைகொண்டு உள்நாட்டை அடக்கினார். பிசின் போய், நம் பக்கத்தார் மல்லாட்டை என்னும் நிலக்கடலை அந்நாட்டின் பயிராயிற்று.

1960 ஜூன் 20 அன்று மாலியுடன் இணைந்து செனகல் விடுதலை பெற்றது. ஆகஸ்டு 20இல் தனிநாடாயிற்று. முதல் குடியரசுத் தலைவர் லெயோபோல் செங்கோர் ஒரு கவிஞர்; குருவாக விரும்பிக் குருமடத்தில் பயின்று வெளியேற நேர்ந்த கத்தோலிக்கர். பெரும்பான்மை இசுலாமியர் வாழும் நாட்டை இருபது ஆண்டுகள் ஆண்டு, 1980 இறுதியில் தாமே பதவி விலகினார். 1974இல் சென்னைக்கு வந்தபோது, ஆப்பிரிக்கருக்கும் திராவிடருக்கும் தொன்மையான பண்பாட்டு உறவுண்டு எனப் பேசினார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்பதில்லை. நீலத் துணியின் உறவோ மறுக்க முடியாதது.

1992 பிப்ரவரி 22 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கோரே தீவிலுள்ள அடிமை இல்லத்துக்குச் சென்றார். கிறிஸ்தவர்களாயிருந்தும் கிறிஸ்தவ நெறியில் வாழாமல் அவ்வணிகத்தில் பங்குகொண்டோர் செய்த பாவத்துக்காக அங்கே இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.