எப்பவும் இடது பக்கம்

கம்பஸ் லீவுக்கு உக்குவளைக்கு வந்திருந்த நாங்க நாலு பேர், மழைக்கு வெளிய போக ஏலாம, ஒரு ராத்திரி போன்ல அமெரிக்க ஸ்பிரிண்ட் கார் ரேஸ் பார்த்துக்கொண்டிருந்தோம். சில்லு நாலும் வெளிய தெரியுற சின்னக் கார்கள். தலைக்கு மேல தகரக் கதவைக் கழட்டி வச்ச மாதிரி ஒரு செட்டை. மண் ட்ராக், முட்டை வடிவம். பத்து நிமிஷத்துல எங்கள்ல ஒருத்தன் கேட்டான்: "சும்மா சுத்திச் சுத்தி வாறாங்க, இதுல என்னடா இருக்கு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல காரைப் பார்ப்போம். ஒரு பேப்பர் கப்பைத் தரையில உருட்டிப் பாருங்க. ஒரு பக்கம் பெரிசு, மத்தப் பக்கம் சிறிசு என்பதால அது நேரா போகாது, வளைஞ்சுதான் போகும். ஸ்பிரிண்ட் காரும் அதே கணக்குதான். வலது பின் டயர் இடதை விடப் பெரிசு, அதால கார் தானாகவே இடது பக்கம் திரும்பப் பார்க்கும். கிளட்ச் இல்லை, ஸ்டார்ட்டர் இல்லை. இன்னொரு வண்டி பின்னால தள்ளித்தான் கிளப்பணும். பெரிய வகைக் கார்கள்ல ஏறக்குறைய 900 குதிரைவலு. மண்ணுல பின்பக்கம் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதனால கார் இடது பக்கம் திரும்பும்போது முன்சில்லு வலது பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். சும்மா சுத்துறதில்லை, விழாமச் சுத்துறது.

ஏன் முட்டை வடிவம்? குதிரைதான் காரணம். அமெரிக்காவுல மாவட்டத்துக்கு மாவட்டம் விவசாயக் கண்காட்சி மைதானங்கள் இருந்திச்சு, அதுகள்ல குதிரைப் பந்தயத்துக்கு மண் ட்ராக்கும் பார்வையாளர் மேடையும் ஏற்கெனவே இருந்திச்சு. கார் வந்த உடனே அதுக்குள்ள இறக்கிவிட்டாங்க. 1909-ல இண்டியானாபொலிஸ்ல 4 கிலோமீட்டர் ட்ராக்கைக் காருக்கெண்டே கட்டினபோதும் அதே உருவம்தான். முதல் வருஷமே கல்லும் தாரும் பெயர்ந்து உயிர்கள் போனதால, 32 லட்சம் செங்கல் பதிச்சாங்க. 1911-ல முதல் 500 மைல் பந்தயத்துல ஜெயிச்ச ரே ஹாரூன், பின்னால வாறவனைப் பார்க்கக் கார்ல ஒரு கண்ணாடி மாட்டியிருந்தார். இன்னைக்கு ஓட்டோவுல இருக்கிற அதே கண்ணாடி ஐடியாதான்.

நம்ம பக்கம் கதை தலைகீழ். இரண்டாம் உலகப் போர்ல கொழும்புக் குதிரைப் பந்தய மைதானத்தை விமான ஓடுபாதையாக்கினாங்க. களுத்துறைக்குப் பக்கத்துல கட்டுக்குருந்தையில பிரிட்டிஷ் கடற்படை போட்ட ஓடுபாதையும், சென்னைக்குப் பக்கத்துல சோழவரத்துல போட்டதும், போர் முடிஞ்சபிறகு கார் ரேஸுக்குக் கைமாறிச்சு. அவங்களுக்குக் குதிரை விட்ட நிலம், எங்களுக்குப் போர் விட்ட நிலம். மலையகத்துல அதுவும் இல்லை, மலைதான் இருந்திச்சு. 1934-ல நுவரெலியாவில மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி தொடங்கிச்சு. தேயிலைக்கு நடுவுல வளைஞ்சு ஏறுற ரோட்டுல, ஒவ்வொரு காரா நேரம் பிடிச்சு ஓடுறது. ஏப்ரல் சீசன்ல அந்தப் போட்டி இன்னும் பேர் போனது.

அந்த 1934-ஐக் கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கொள்ளுங்க.

அதே வருஷம் இண்டியானாபொலிஸ் 500-ல ஜெயிச்சவர் பில் கம்மிங்ஸ். அவர் காரைத் தயார் செய்தவங்கள்ல ஒருத்தர் சார்லி விக்கின்ஸ். ஊரிலேயே கெட்டிக்கார மெக்கானிக்குகள்ல ஒருத்தர், ஆனா கறுப்பர். பந்தயங்களை நடத்தின ட்ரிப்பிள் ஏ மோட்டார் சங்கம் கறுப்பரை ஓட விடாது. மெக்கானிக்காகவும் வெளிப்படையா நிக்க ஏலாது. அதனால அவரைக் கூட்டிப் பெருக்குற ஆளாப் பதிஞ்சு உள்ள எடுத்தாங்க. பகல்ல விளக்குமாறு, ராத்திரியில எஞ்சின்.

இதை முதல் தடவை வாசிச்சப்ப எங்கள்ல யாரும் கொஞ்ச நேரம் பேசல்ல. மஹகஸ்தோட்டையில 1934-ல துரைமார் கார் ஏறுறப்ப, அந்தத் தேயிலையில கொழுந்து எடுத்தவங்க யார் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எங்க ஊர் வழியாப் போற கண்டி - மாத்தளை ரயில் 1880-ல வந்திச்சு. மலைநாட்டு ரோட்டுக்கும் ரயிலுக்கும் மண் வெட்டினதும் அதே சனம்தான். ரெண்டும் ஒரே கதை என்று சொல்ல வரல்ல. விக்கின்ஸை விதி போட்டுத் தடுத்தாங்க. எங்க ஆக்களைத் தடுக்க விதியே தேவைப்படல்ல, சம்பளமே போதும்.

ஆனா விக்கின்ஸ் கைகட்டி நிக்கல்ல. கறுப்பர்கள் தங்களுக்கெண்டு ஒரு சங்கம் அமைச்சு, 1924-ல இருந்து இண்டியானா கண்காட்சி மைதானத்து ஒரு மைல் மண் ட்ராக்குல 'கோல்ட் அண்ட் குளோரி' என்ற 100 மைல் பந்தயத்தை நடத்தினாங்க. தானே கட்டின கார்ல விக்கின்ஸ் அதை நாலு தடவை ஜெயிச்சார். 1936 பந்தயத்துல கார்கள் ஒன்றோடொன்று மோதி அவருக்கு ஒரு கால் போச்சு. அந்தப் பந்தயமும் அதோட நின்டு போச்சு. அவர் தனக்கு ஒரு மரக்கால் செய்துகொண்டு, மெக்கானிக் வேலையைத் தொடர்ந்தார். இண்டியானாபொலிஸ் 500-ல ஒரு கறுப்பர் ஓட 1991 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்திச்சு: வில்லி டி. ரிப்ஸ். விக்கின்ஸ் 1979-லயே இறந்துட்டார்.

மிச்ச வரலாறு சங்கங்களோட சண்டை. 1955-ல லே மான் விபத்துக்குப் பிறகு ட்ரிப்பிள் ஏ விலகிச்சு. 1970-க்குப் பிறகு தேசியச் சம்பியன்ஷிப்ல இருந்து மண் ட்ராக்கை நீக்கினாங்க. அதோட மண்ணுல பழகி இண்டிக்குப் போற ஏணி உடைஞ்சு, ஸ்பிரிண்ட் கார் தனி உலகமாச்சு. 1978-ல 'வேர்ல்ட் ஒஃப் அவுட்லோஸ்' தொடங்கிச்சு, அதுல ஸ்டீவ் கின்சர் 20 தடவை சம்பியன். அங்கால 1996-ல இண்டி உலகமே ரெண்டாப் பிளந்து, 2008-லதான் ஒட்டிச்சு. எங்கட கிரிக்கெட் சபை அரசியலைப் பார்த்தவங்களுக்கு இதுல புதுசா ஒன்னும் இல்லை.

தமிழன் யாராவது அந்த முட்டைக்குள்ள ஓடியிருக்கானா? ஓடியிருக்கான். கோயம்புத்தூர்ல கரிவரதன் என்டவர் மாருதி 800 எஞ்சினை வச்சு மலிவான ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்தார். அந்த ஃபோர்முலா மாருதியில பழகினவர் அதே ஊர் நரேன் கார்த்திகேயன். மலிவு என்டாலும் ஏழைக்கு இல்லை; நரேனோட அப்பாவே ரேலி ஓட்டுநர். 2005 ஜூன் 19-ல இண்டியானாபொலிஸ்ல நடந்த ஃபோர்முலா வன் பந்தயத்துல, ஓவலோட சரிவான வளைவை மிஷலின் டயர் தாங்காது என்று 14 கார்கள் விலக, மிச்சம் ஓடினது ஆறு. நரேன் நாலாவது. இந்தியர் ஒருத்தருக்குக் கிடைச்ச முதல் ஃபோர்முலா வன் புள்ளிகள் அதுதான். ஓசிப் புள்ளி என்று சிரிக்கிறவங்க, அவர் 2010-ல திரும்பப் போய் வேர்ஜீனியாவுல மார்ட்டின்ஸ்வில் ஓவல்ல நாஸ்கார் ட்ரக் ஓட்டினதையும் தேடிப் பாருங்க. அது மூடின சில்லு வண்டிதான், ஆனா சுத்துறது அதே இடது பக்கம். முதல் பந்தயத்துலயே 13-ஆவது இடம். அந்த வருஷம் ட்ரக் தொடரோட மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதும் அவருக்குத்தான். வோட்டெல்லாம் எந்த ஊர்ல இருந்து போயிருக்கும் என்று நாங்க சொல்லத் தேவையில்லை.