வாய், நாக்குத் தசைப் பயிற்சி

நாக்கு, உதடு, கன்னம், மெல்லண்ணம் ஆகியவற்றின் தசைகளைப் பழக்கி, வாயை மூடி மூக்கால் மூச்சுவிடவும் ஓய்வில் நாக்கை மேலண்ணத்தில் படிய வைத்திருக்கவும் செய்யும் சிகிச்சை இது. மருத்துவர்கள் மயோஃபங்ஷனல் தெரபி என்பார்கள். எத்துப்பல்லைச் சரிசெய்யப் புறப்பட்ட இந்த முறை, அந்த வேலையில் பெயர் கெட்டு, பல ஆண்டுகள் கழித்துக் குறட்டைக்குச் சிகிச்சையாகத் திரும்பி வந்தது.

வாயால் மூச்சுவிடுவது கெடுதல் என்று முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் மருத்துவரே அல்லர். வழக்கறிஞர் தொழிலை விட்டு ஓவியரான அமெரிக்கர் ஜார்ஜ் கேட்லின், 1830களில் பூர்வகுடி மக்களிடையே சுற்றி அவர்களை வரைந்தவர். தூங்கும் குழந்தையின் உதடுகளைத் தாய்மார் விரலால் சேர்த்து மூடிவிடுவதை அங்கே பார்த்தார். அம்மக்களின் வரிசையான பற்களுக்கு அதுவே காரணம் என்று முடிவுகட்டி, 1860களில் ஒரு சிறு நூலும் எழுதினார். அவர் சொன்ன காரணங்களில் பாதி கற்பனை; பார்த்த பார்வை மட்டும் கூர்மையானது. பல் சீரமைப்புத் துறையை நிறுவிய எட்வர்ட் ஆங்கிள் 1907இல் வெளியிட்ட தம் நூலில், பல்வரிசை கெடுவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாக வாய்ச்சுவாசத்தைச் சேர்த்தார்.

கம்பி கட்டிப் பல்லை நகர்த்தினால் போதாது, அதைச் சுற்றியுள்ள தசைகளையும் திருத்த வேண்டும் என்றவர் பாஸ்டனைச் சேர்ந்த பல் சீரமைப்பு மருத்துவர் ஆல்ஃபிரட் ரோஜர்ஸ். 1918இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இத்துறையின் வரலாற்றைப் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். முகத் தசைகளையே உயிருள்ள பல் சீரமைப்புக் கருவிகளாக அவர் கருதினார்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் வால்டர் ஸ்ட்ராப், விழுங்கும்போது நாக்கு முன்பற்களை முட்டித் தள்ளும் பழக்கத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். அதற்குப் புட்டிப்பாலைக் காரணம் காட்டினார். அமெரிக்கா முழுவதும் குழந்தைகளுக்கு விழுங்கக் கற்றுத்தரும் பயிற்சியாளர்கள் பெருகினார்கள். ஆர்வம் ஓடிய வேகத்தில் ஆய்வு ஓடவில்லை. 1970களின் நடுவில் பேச்சுச் சிகிச்சை, பல் சீரமைப்புத் துறைகளின் அமைப்புகளே சான்று போதாது என்று அறிவித்தன. 1978இல் பல் சீரமைப்பு நிபுணர் வில்லியம் பிராஃபிட் எழுதிய கட்டுரை அடித்தளத்தையே அசைத்தது. ஒருமுறை விழுங்க ஏறத்தாழ ஒரு நொடிதான் ஆகிறது. நாள் முழுவதும் கூட்டினாலும் சில நிமிடங்கள். அந்தச் சொற்ப நேர அழுத்தம் பல்லை நகர்த்தாது. நாக்கும் உதடும் சும்மா இருக்கும்போது விடாமல் தரும் மெல்லிய அழுத்தமே நகர்த்தும் என்றார். விழுங்குவதை விட்டுவிட்டு நாக்கு ஓய்வில் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் இன்றைய முறைக்கு இந்த எதிர்ப்பும் ஒரு காரணம். 1981இல் எகில் ஹார்வோல்டும் உடன் ஆய்வாளர்களும் குரங்குகளின் மூக்கை அடைத்துச் செய்த சோதனை, வாய்ச்சுவாசம் முகத்தின் வளர்ச்சியை மாற்றக்கூடும் என்று காட்டியது. ஆனால் எல்லாக் குரங்குகளுக்கும் ஒரே மாதிரி மாறவில்லை.

வாய்நலத்தைப் பொறுத்தவரை கணக்கு எளிது. திறந்த வாய் உலர்கிறது. அமிலத்தைத் தணிக்கும் எச்சில் குறைகிறது. சொத்தையும் வாய்நாற்றமும் மேல் முன்பல் ஈறுகளில் வீக்கமும் எளிதாக வருகின்றன.

இத்துறைக்கு மறுவாழ்வு தந்தது தூக்கம். உறங்கும்போது நாக்குத் தசை தளர்ந்து பின்னால் சரிந்து தொண்டையில் மூச்சுவழியை அடைப்பதே தூக்க மூச்சடைப்பு. 1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய, முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் சிபேப் கருவி இதற்கு முதன்மைச் சிகிச்சை. ஆனால் இரவெல்லாம் அதை மாட்டிக்கொண்டு தூங்கப் பலருக்கும் பிடிப்பதில்லை. இந்த இடைவெளியில் நுழைந்தது ஒரு வாத்தியம். டிட்ஜெரிடூ என்பது ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் நீண்ட மரக்குழல். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூச்சு அறாமல் ஊத வேண்டும். அதைக் கற்றுத்தரும் ஆசிரியர் ஒருவர், தமக்கும் மாணவர் சிலருக்கும் குறட்டை குறைந்ததைக் கவனித்தார். சுவிட்சர்லாந்தில் 25 பேரை வைத்து நான்கு மாதம் சோதித்தார்கள். 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது. ஊதியவர்களுக்குப் பகல் தூக்கமும் மூச்சடைப்பும் குறைந்தன. பக்கத்தில் படுப்பவர்களின் தூக்கமும் தேறியது. சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2017இல் இதற்குக் கிடைத்தது, அதுவும் அமைதிப் பிரிவில். குறட்டைக்காரரோடு குடும்பம் நடத்துபவர்கள் இதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பார்கள்.

திருப்புமுனை 2009இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவிலிருந்து வந்தது. கட்டியா கிமாராயிஸ் குழு, மிதமான மூச்சடைப்பு உள்ள 31 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் நாக்கு நுனியை மேலண்ணத்தில் அழுத்திப் பின்னால் இழுப்பது, நாக்கு முழுவதையும் மேலே ஒட்ட உறிஞ்சுவது, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு ஒலிப்பது, பலூன் ஊதுவது போன்றவற்றை மூன்று மாதம் செய்தார்கள். மற்றவர்கள் வெறும் ஆழ்மூச்சுப் பயிற்சி செய்தார்கள். முதல் பிரிவில், மணிக்குச் சராசரியாக 22 முறை நேர்ந்த அடைப்பு 14க்கு இறங்கியது. மற்றப் பிரிவில் குறையவில்லை. இந்த ஆய்வு பிரேசிலில் நடந்தது தற்செயல் அல்ல. அங்கே பேச்சுச் சிகிச்சை 1981 முதல் சட்ட அங்கீகாரம் பெற்ற தொழில். வாய்த்தசை இயக்கம் அதில் தனிப் பிரிவு. பிறந்த குழந்தையின் நாக்கின் அடிச்சவ்வு குட்டையா என்று மருத்துவமனைகள் பார்த்தாக வேண்டும் என 2014இல் சட்டமே வந்தது.

இதன் மலிவுப் பதிப்பாகச் சமூக ஊடகங்களில் பரவியதுதான் மியூயிங். பிரிட்டனின் பல் சீரமைப்பு மருத்துவர் ஜான் மியூ பெயரைத் தாங்கிய, நாக்கை மேலண்ணத்தில் படிய வைக்கும் இந்தப் பழக்கம் பெரியவர்களின் தாடையைச் செதுக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

தூக்க மூச்சடைப்பிலும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 2020இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, பலன் தெரிகிறது, ஆனால் ஆய்வுகள் சிறியவை, சான்று வலுவற்றது என்றது. மூக்கு அடைத்திருக்கும்போது வாயை மூடப் பழக்குவதில் பொருளில்லை. அடினாய்டு சதையோ வளைந்த மூக்குத்தண்டோ இருக்கிறதா என்று காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். சிபேப் பயன்படுத்துவோர், பயிற்சி செய்கிறோமே என்று மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்திவிடக் கூடாது.