மன்றோ கவுண்டியில் வெள்ள இடரும் வெள்ளக் காப்பீடும்: வால்மையர் சிற்றூரை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த மன்றோ கவுண்டியின் மேற்குப்பகுதி, மிசிசிப்பி ஆற்றின் வெள்ளச் சமவெளியில் அமைந்த வேளாண் நிலமாகும். 1993ஆம் ஆண்டு வெள்ளத்தில் அழிந்த வால்மையர் சிற்றூரின் இடப்பெயர்வையும், 2007க்குப் பின் அக்கவுண்டியின் வடபகுதிக் கரை குறித்து எழுந்த சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது. வெள்ளக் காப்பீடு தான் வழங்கிய இழப்பீட்டுத் தொகையைவிடத் தன்னோடு பிணைந்த விதிகளாலேயே இந்நிலப்பகுதியை மிகுதியும் மாற்றியது என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வெள்ளக் காப்பீடு, மிசிசிப்பி, வால்மையர், வெள்ளத்தடுப்புக் கரை, இடப்பெயர்வு

முன்னுரை

கவுண்டி என்பது அமெரிக்க மாநிலங்களின் உட்பிரிவான நிருவாக அலகு. மன்றோ கவுண்டி செயின்ட் லூயிஸ் நகருக்குத் தெற்கே உள்ளது. ஆற்றுக்கும் கிழக்கிலுள்ள செங்குத்தான சுண்ணாம்புப் பாறைமேட்டுக்கும் இடைப்பட்ட தாழ்நிலம் 'அமெரிக்கன் பாட்டம்' என அழைக்கப்படுகிறது. ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டலே இந்நிலத்தின் வளத்திற்குக் காரணம். ஆகவே இங்கு வேளாண்மை செய்வோர் வெள்ளத்தின் பயனையும் கேட்டையும் ஒருங்கே ஏற்று வாழ்ந்தனர். அக்கேட்டின் சுமையை யார் தாங்குவது என்னும் வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டில் இரண்டு விடைகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று கரை, மற்றொன்று காப்பீடு.

தனியார் காப்பீட்டின் விலகல்

தீ ஒரு வீட்டை எரிக்கும்போது ஊரின் ஏனைய வீடுகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. பலர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டு சிலரின் இழப்பை ஈடுசெய்ய அதனால் இயல்கிறது. வெள்ளம் அத்தகையதன்று. அது ஒரே நாளில் ஊர் முழுவதையும் மூழ்கடிக்கிறது. மேட்டில் வாழ்பவர் வெள்ளக் காப்பீட்டை விரும்புவதில்லை. பள்ளத்தில் வாழ்பவர் மட்டுமே அதை நாடுகின்றனர். இவ்விரு காரணங்களாலும், 1927ஆம் ஆண்டு மிசிசிப்பிப் பெருவெள்ளத்திற்குப் பின் தனியார் நிறுவனங்கள் இத்துறையிலிருந்து ஏறக்குறைய முற்றிலும் விலகின. மறு ஆண்டில் இயற்றப்பட்ட வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் கரைகளையும் பிற கட்டுமானங்களையும் கூட்டரசின் பொறுப்பாக்கியது.

1945இல் புவியியலாளர் கில்பர்ட் ஒயிட், வெள்ளத்தைத் தடுப்பதற்கு மட்டும் செலவிடுவது போதாது என்றும், மனிதர் தம் நிலப்பயன்பாட்டை வெள்ளத்திற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் வாதிட்டார். 1956இல் காங்கிரஸ் நிறைவேற்றிய வெள்ளக் காப்பீட்டுச் சட்டம் நிதி ஒதுக்கப்படாமையால் செயலுக்கு வரவில்லை. 1965இல் லூசியானாவைத் தாக்கிய பெட்சி புயலே இவ்விவாதத்திற்குப் புத்துயிர் அளித்தது.

1968ஆம் ஆண்டுத் திட்டம்

1968இல் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் உருவானது. அது ஓர் உடன்பாட்டின் தன்மை கொண்டது. உள்ளாட்சி அமைப்பு வெள்ளச் சமவெளியில் கட்டடங்களைக் கட்டுப்படுத்த வேண்டும். அதற்கு ஈடாக அவ்வூர் மக்களுக்குக் கூட்டரசின் காப்பீடு கிடைக்கும். வரைபடம் வருமுன்பே கட்டப்பட்ட வீடுகளுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. தொடக்கத்தில் மக்கள் விரும்பினால் மட்டுமே காப்பீடு எடுக்கலாம் என்றிருந்தது. 1972இல் ஆக்னஸ் புயல் வந்தபோது மிகச் சிலரே அதனை எடுத்திருந்தமை தெரியவந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டம், வரைபடத்தில் வெள்ள இடர்ப்பகுதியாகக் குறிக்கப்பட்ட இடத்தில் கூட்டரசின் கண்காணிப்புக்குட்பட்ட வங்கிகளிடம் அடமானக் கடன் பெறுவோர்க்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. கடன் இல்லாத வீட்டுக்காரரை இக்கட்டாயம் தொடவில்லை. பழைய வீடுகளில் தலைமுறையாக வாழும் சிற்றூர்களில் இவ்விடைவெளி பெரிதாகவே இருந்தது.

கரை உடைந்த ஆண்டு

வால்மையர் 1943, 1944, 1947 ஆகிய ஆண்டுகளில் வெள்ளத்தைக் கண்ட ஊர். அதன்பின் இராணுவப் பொறியாளர் படை கரையை உயர்த்தியது. அடுத்த 46 ஆண்டுகள் ஊருக்குள் ஆற்றுநீர் வரவில்லை. ஒரு தலைமுறை வெள்ளத்தைக் காணாமலே வளர்ந்தது. கரை தந்த இந்த அமைதியே காப்பீட்டைத் தேவையற்ற செலவாகத் தோன்றச் செய்தது எனலாம்.

1993 ஆகஸ்டு 1 அன்று செயின்ட் லூயிஸில் ஆறு 49.58 அடியை எட்டியது. அங்கு வெள்ள நிலை 30 அடியில் தொடங்குகிறது. அதே நாளில் கொலம்பியா அருகே கரை உடைந்தது. நீர் தாழ்நிலம் வழியே தெற்கு நோக்கிப் பாய்ந்து, சுமார் 900 பேர் வாழ்ந்த வால்மையரை மூழ்கடித்தது. செப்டம்பரில் மீண்டும் நீர் புகுந்தது.

அவ்வாண்டு மத்திய மேற்குப் பகுதியில் நேர்ந்த மொத்த இழப்பு 1,200 முதல் 1,600 கோடி டாலர் வரை மதிப்பிடப்பட்டது. வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் வழங்கியதோ ஏறத்தாழ 30 கோடி டாலர் மட்டுமே. பயிர்க் காப்பீடு 100 கோடி டாலரை ஒட்டி வழங்கியது. பயிருக்கு இருந்த பாதுகாப்பு வீட்டுக்கு இல்லை என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. அப்போது காப்பீடு எடுத்த ஐந்தாம் நாளே அது நடைமுறைக்கு வந்தது. ஆற்றின் மேற்பகுதியில் வெள்ளம் பெருகுவதைக் கண்டபின் காப்பீடு எடுத்தோரும் இருந்தனர். 1994ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இக்காத்திருப்புக் காலத்தை 30 நாளாக்கியது.

50 விழுக்காட்டு விதி

காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஊர்களுக்கு ஒரு விதி உண்டு. வெள்ள இடர்ப்பகுதியிலுள்ள ஒரு கட்டடத்தின் சேதம் அதன் சந்தை மதிப்பில் 50 விழுக்காட்டை எட்டினால், அதைப் பழையபடி செப்பனிட இயலாது. நூற்றாண்டு வெள்ளத்தின் மட்டத்திற்கு உயர்த்தியே கட்ட வேண்டும். இவ்விதி காப்பீடு எடுத்த வீட்டுக்கும் எடுக்காத வீட்டுக்கும் பொதுவானது. வால்மையரின் பெரும்பாலான வீடுகள் இவ்வரம்பைக் கடந்தன. தரையிலிருந்து பல அடி உயரத்தில் வீடு கட்டும் செலவை அம்மக்களால் ஏற்க இயலவில்லை. தனித்தனியே சிதறிப் போவது, அல்லது ஊரையே பெயர்ப்பது என்னும் இரு வழிகளே எஞ்சின.

ஊர்மக்களில் பெரும்பான்மையோர் இரண்டாவதைத் தேர்ந்தனர். சுமார் 2 மைல் தொலைவில், ஏறத்தாழ 400 அடி உயரமான பாறைமேட்டில் 500 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. இடர்தணிப்புத் திட்டங்களில் கூட்டரசின் பங்கை 75 விழுக்காடாக உயர்த்திய 1993ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குத் துணைநின்றது. கூட்டரசின் நிதியால் வாங்கப்பட்ட பழைய மனைகள் இனி என்றும் திறந்தவெளியாகவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இம்முயற்சிக்கு விலையும் உண்டு. புதிய ஊர் எழுமுன்பே பலர் வேறிடங்களுக்குச் சென்றுவிட்டனர். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 608 மட்டுமே. 2010இல் அது 1,200ஐத் தாண்டியது.

வரைபடமும் வரியும்

வால்மையர் மேட்டுக்குச் சென்ற பின்னும் கவுண்டியின் தாழ்நிலம் கரையையே நம்பியிருந்தது. 2007இல் கூட்டரசு அவசரநிலை மேலாண்மை முகமை, மேடிசன், செயின்ட் கிளேர், மன்றோ ஆகிய மூன்று கவுண்டிகளின் கரைகள் நூற்றாண்டு வெள்ளத்தைத் தாங்கும் என்னும் ஏற்பை விலக்க எண்ணுவதாக அறிவித்தது. ஏற்பு விலகினால் கரைக்குப் பின்னுள்ள நிலம் வரைபடத்தில் இடர்ப்பகுதியாகும். அங்கு அடமானக் கடன் பெற்றோர்க்குக் காப்பீடு கட்டாயமாகும். மாநிலச் சட்டமன்றம் 2008இல் இயற்றிய சட்டத்தின் வழியே மூன்று கவுண்டிகளும் கரைகளைச் செப்பனிட 0.25 விழுக்காடு விற்பனை வரியை ஏற்றன.

இங்கும் மக்களை இயக்கியது வெள்ளம் அன்று. காப்பீட்டுத் திட்டத்தின் வரைபடமே. கரை பலப்படுவது வறியவர்க்கும் பயன் தருவது என்பதில் ஐயமில்லை. எனினும் நூற்றாண்டு வெள்ளம் என்பது நூறாண்டுக்கு ஒருமுறை மட்டும் வருவது என்று பொருள்படாது. எந்த ஓர் ஆண்டிலும் அது வர 1 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 30 ஆண்டு அடமானக் காலத்தில் அவ்வாய்ப்பு 26 விழுக்காடாகிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய புதிய கட்டண முறை, வரைபடக் கோட்டை மட்டும் நோக்காமல் ஒவ்வொரு வீட்டுக்கும் நீர்நிலைக்கும் இடையிலான தொலைவையும் மறுகட்டுமானச் செலவையும் கணக்கிலெடுக்கிறது. ஆயினும் கட்டாயக் காப்பீடு இன்றும் அக்கோட்டையே பின்பற்றுகிறது.

முடிவுரை

மன்றோ கவுண்டியின் வரலாற்றில் வெள்ளக் காப்பீடு இழப்பை ஈடுசெய்யும் கருவியாகச் சிறிய பங்கையே ஆற்றியது. அதன் 50 விழுக்காட்டு விதி ஓர் ஊரை மேட்டுக்கு நகர்த்தியது. அதன் வரைபடமோ பிற பகுதிகளைக் கரையோடு மேலும் இறுகப் பிணைத்தது. ஒரே திட்டம் இருவேறு திசைகளில் மக்களைச் செலுத்தியமைக்கு, கரை நிற்கும்வரை அதன் பின்னுள்ள நிலத்தைப் பாதுகாப்பானதாகக் கருதும் அதன் அடிப்படைக் கணக்கே காரணமாகிறது. வால்மையரின் இடப்பெயர்வு முன்னோடி நிகழ்வாகப் பாராட்டப்படும் வேளையில், அக்கணக்கு 1993இல் கொலம்பியா அருகே பொய்த்ததையும் சேர்த்தே நினைவுகொள்ள வேண்டியுள்ளது.